சிரித்த முகத்தோடு வரும் கை

பள்ளி விடுமுறை நெருங்கினால் நம்மவர் வீடுகளில் பேச்சே இப்போது வேறு. முன்பெல்லாம் கேமரன் மலை, பினாங்கு, மிஞ்சிப்போனால் தமிழ்நாட்டுக் கோயில் பயணம். இன்று பாரிஸ், ரோம், பார்சிலோனா என்று பட்டியல் நீள்கிறது. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் மலேசியர்கள் விசா இல்லாமலேயே 180 நாள்களில் 90 நாள்வரை தங்கலாம் என்பதால், பிள்ளைகள் அப்பா அம்மாவையும் கையோடு அழைத்துப் போகிறார்கள். நல்ல மாற்றம்தான்.

பயணத்திற்கு முன் குளிராடை வாங்குகிறோம். ஊறுகாயும் உடனடி மீயும் பெட்டியில் ஏறுகின்றன. மருந்து மாத்திரையை மறப்பதில்லை. ஆனால், அந்த ஊர்களில் நம் பையை நோக்கி நீளக்கூடிய கையைப் பற்றி வீட்டில் உட்கார்ந்து பேசியவர்கள் எத்தனை பேர்?

“நமக்குத் தெரியாத திருட்டா?” என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். மோட்டார் சைக்கிளில் வந்து கைப்பையைப் பறித்துச் செல்லும் வழிப்பறிக் கொள்ளையை நாம் நன்கு அறிவோம். சாலையோரம் நடக்கும்போது பையை மறுபக்கம் மாட்டிக்கொள் என்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லியே வளர்க்கிறோம். ஆனால், நாம் பழகியிருப்பது சத்தத்தோடு வரும் திருட்டுக்கு. ஐரோப்பிய நகரங்களின் ஜேப்படி சத்தமே இல்லாமல், பெரும்பாலும் சிரித்த முகத்தோடு, “எக்ஸ்கியூஸ் மீ” என்று சொல்லிக்கொண்டு வருகிறது. அடி இல்லை, மிரட்டல் இல்லை. பொருள் போனதே அரை மணி நேரம் கழித்துத்தான் தெரியும்.

கவனத்தைத்தான் முதலில் எடுக்கிறார்கள்

அமெரிக்காவில் அப்போலோ ராபின்ஸ் என்ற மேடைக் கலைஞர் இருக்கிறார். பார்வையாளரை மேடைக்கு அழைத்து, அவரோடு பேசிக்கொண்டே கைக்கடிகாரம், பணப்பை எல்லாவற்றையும் எடுத்துத் திருப்பிக் கொடுப்பது அவருடைய நிகழ்ச்சி. 2001இல் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரின் பாதுகாவலர்களிடமிருந்தே பொருள்களை எடுத்துக்காட்டிப் புகழ்பெற்றார். மனிதனின் கவனம் ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் நிற்கும். அதை வேறு பக்கம் திருப்பிவிட்டால் கை தானாக வேலையை முடித்துவிடும் என்பதே அவர் காட்டும் பாடம்.

தெருவில் நடப்பதும் அதுதான். பெரும்பாலும் தனியாள் வருவதில்லை. மூன்று நான்கு பேர் குழுவாக இயங்குவார்கள். ஒருவர் முன்னால் திடீரென நின்று வழியை அடைப்பார். இன்னொருவர் பின்னாலிருந்து இடிப்பார். அந்த இடியிலேயே பை திறக்கப்பட்டுவிடும். எடுத்த பொருள் அடுத்த நொடியே மூன்றாம் ஆள் கைக்குப் போய்விடும். நீங்கள் சுதாரித்து, இடித்தவரின் கையைப் பிடித்தாலும் அவரிடம் ஒன்றும் இருக்காது. “வேண்டுமானால் சோதித்துப் பாருங்கள்” என்று அவரே சொல்வார்.

அழுக்குச் சட்டையும் திருட்டு முழியுமாக ஒருவர் வருவார் என்று எதிர்பார்க்காதீர்கள். தோளில் கேமராவும் கையில் வரைபடமுமாகச் சுற்றுப்பயணி போலவே இருப்பார்கள். நன்றாக உடுத்திய இளம் பெண்களாக இருக்கலாம், கோட்டு அணிந்த நடுவயதுக்காரராக இருக்கலாம். ஆகவே முகத்தையோ நிறத்தையோ பார்த்துச் சந்தேகப்படுவதில் பயனில்லை. அது நியாயமும் இல்லை. பார்க்க வேண்டியது நடத்தையை. காரணமில்லாமல் மிக அருகே வருகிறவர், கூட்டமே இல்லாத இடத்தில் உரசுகிறவர், கேட்காமலேயே உதவிக்கு வருகிறவர் என்றால் கை தானாகப் பைமேல் போக வேண்டும்.

“ஜேப்படித் திருடர்கள் ஜாக்கிரதை” என்ற அறிவிப்புப் பலகையைப் பார்த்ததும் நாம் என்ன செய்கிறோம்? பணப்பை இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறோம். பணம் எந்தப் பையில் இருக்கிறது என்பதை நாமே காட்டிக்கொடுக்கும் தருணம் அது.

எங்கே கூடுதல் கவனம்?

பாரிஸ் நகரின் லூவ்ர் அருங்காட்சியகம் 2013 ஏப்ரலில் ஒரு நாள் முழுக்க மூடிக் கிடந்தது. உள்ளேயே ஜேப்படிக் கும்பல்களின் தொல்லை தாங்கவில்லை என்று ஊழியர்களே வேலையை நிறுத்தினார்கள். 2015 மே மாதம் அதே காரணத்திற்காக ஐஃபில் கோபுர ஊழியர்களும் வேலையை நிறுத்த, கோபுரம் பல மணி நேரம் மூடப்பட்டது. விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வரும் ரயிலில் இன்னும் கவனம் தேவை. பதின்மூன்று மணி நேரம் பறந்து, தூக்கக் கலக்கத்தோடு, இரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு வருகிறவரைவிட எளிதான இலக்கு ஏது?

பார்சிலோனாவில் லா ரம்ப்லா நடைவீதியும் சுரங்க ரயிலும். ரோமில் தெர்மினி ரயில் நிலையமும், அங்கிருந்து வத்திக்கான் பக்கம் போகும் 64ஆம் எண் பேருந்தும், திரேவி நீரூற்றும். பிராக் நகரில் சார்ல்ஸ் பாலமும், பழைய வானியல் கடிகாரத்தின் அடிவாரமும். மணிக்கொரு முறை பொம்மைகள் வலம் வரும்போது அத்தனை பேரும் தலையை அண்ணாந்து பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் யார் பையை யார் பார்ப்பது? வெனிஸ் நகரில் ஓர் உள்ளூர்ப் பெண்மணி, ஜேப்படிக்காரர்களைக் கண்டால் உரக்கக் கத்திச் சுற்றுப்பயணிகளை எச்சரிக்கும் காணொளிகள் 2023இல் உலகம் முழுக்கப் பரவின.

லண்டனில் நிலைமை வேறு. அங்கே நம்மூர் பாணிதான். மின்சார சைக்கிளிலோ மோப்பட்டிலோ நடைபாதையை ஒட்டி வந்து, கையிலிருக்கும் தொலைபேசியைப் பறித்துப் போய்விடுகிறார்கள். ஹோ சி மின் நகரின் மையப் பகுதியிலும் மோட்டார் சைக்கிள் பறிப்பு உண்டு. வழி பார்க்க வேண்டுமானால் கடைக்குள் போய் நின்று, சுவர்ப் பக்கம் திரும்பிப் பாருங்கள். நடுத்தெருவில் கையை நீட்டித் தம்படம் எடுக்காதீர்கள்.

பேங்காக்கில் கை பைக்குள் வராது, பேச்சுதான் வரும். அரண்மனை வாசலுக்குச் சற்று முன்னால் ஒருவர், “இன்று மூடியிருக்கிறது, வேறு கோயில் காட்டுகிறேன்” என்று டுக் டுக் வண்டியில் ஏற்றிவிடுவார். வண்டி கடைசியில் நிற்பது இரத்தினக்கல் கடையில். வாசல்வரை நடந்துபோய் நாமே பார்த்துவிட்டால் இந்த நாடகம் முடிந்தது.

பழைய தந்திரங்கள், புதிய முகங்கள்

தந்திரங்களின் எண்ணிக்கை உண்மையில் குறைவு. ஒருமுறை தெரிந்துகொண்டால் அடுத்தமுறை பார்த்ததும் சிரிப்பு வரும்.

கயிறு கட்டுதல்: பாரிஸின் சேக்ரே கேர் தேவாலயப் படிகளில் ஒருவர் உங்கள் விரலில் வண்ணக் கயிற்றைச் சுற்றத் தொடங்குவார். கை அவரிடம் சிக்கிவிடும். பிறகு பணம் கேட்பார்; அதற்குள் கூட்டாளி உங்கள் பையைப் பார்த்துக்கொள்வார். கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டபடி நிற்காமல் நடங்கள்.

கையெழுத்து: காது கேளாதோருக்கு உதவி என்று அட்டையை நீட்டுவார்கள். அந்த அட்டை உங்கள் பையை மறைக்கத்தான். உணவகத்தில் இதே வேலையை ஒரு வரைபடம் செய்யும். மேசைமேல் விரித்து வழி கேட்பார்கள். மடித்து எடுக்கும்போது அடியிலிருந்த கைத்தொலைபேசியும் போய்விடும். மாமாக் கடை மேசையில் தொலைபேசியை வைத்துவிட்டுக் கை கழுவப் போகும் நம் பழக்கத்தைக் கோலாலம்பூர் விமான நிலையத்திலேயே விட்டுவிடுவது நல்லது.

கறை: தோளில் ஏதோ தெளிக்கும். “பறவை எச்சம்” என்று ஒருவர் துணியோடு ஓடிவந்து துடைப்பார். துடைக்க விடாதீர்கள். நன்றி சொல்லிவிட்டு, விடுதிக்குப் போய்க் கழுவிக்கொள்ளலாம்.

மோதிரம்: உங்கள் காலடியிலிருந்து ஒரு ‘தங்க’ மோதிரத்தை எடுத்து, “உங்களுடையதா?” என்பார்கள். பித்தளை. தங்கத்தை நம் பெண்களுக்கா அடையாளம் காட்ட வேண்டும்? ஆனாலும் நின்று பேசினால் கவனம் போய்விடும்.

போலிப் போலீஸ்: சாதாரண உடையில் வந்து அட்டையைக் காட்டி, கள்ளநோட்டுச் சோதனை என்று பணப்பையைக் கேட்பார்கள். பையைக் கையில் கொடுக்காதீர்கள். “காவல் நிலையத்திற்கு வருகிறேன், அங்கே காட்டுகிறேன்” என்று சொல்லுங்கள். போலி அங்கேயே மறைந்துவிடுவார்.

ரயில் கதவு: கதவோரம் நின்று தொலைபேசி பார்ப்பவரிடமிருந்து, கதவு மூடும் நொடியில் பிடுங்கிக்கொண்டு குதித்துவிடுவார்கள். ரயில் உங்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். உள்ளே தள்ளி நில்லுங்கள்.

தண்டனை கடுமையானால் எல்லாம் சரியாகிவிடும் என்பாரும் உண்டு. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் ஜேப்படிக்கு மரண தண்டனையே இருந்தது. 1808இல்தான் அது நீக்கப்பட்டது. அந்தச் சட்டம் இருந்தபோதும் ஜேப்படி நடந்துகொண்டுதான் இருந்தது. இன்று ஸ்பெயினில் 400 யூரோவுக்குக் குறைவான திருட்டு சிறு குற்றம்; பொதுவாக அபராதம்தான். ஆகவே பிடிபட்டவர் மறுபடி அதே ரயிலுக்குத் திரும்புவதில் வியப்பில்லை. நம் பையை நாம்தான் காக்க வேண்டும்.

ஒரே பை என்னும் ஆபத்து

நம் குடும்பப் பயணங்களில் ஒரு வழக்கம் உண்டு. பொறுப்பான ஒருவர், அப்பாவோ மூத்த அண்ணனோ, எல்லாருடைய கடப்பிதழ்களையும் பணத்தையும் ஒரே பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்வார். அன்பினால் செய்வதுதான். ஆனால் எட்டுப் பேர் குடும்பத்தின் பயணம் முழுவதும் ஒரே பற்பட்டியில் தொங்குகிறது என்பதை யாரும் நினைப்பதில்லை.

எனக்குத் தெரிந்த கிள்ளான் தம்பதிக்கு நடந்தது இதுதான். அரசாங்க வேலையில் முப்பது ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவர் கணவர். ஊழியர் சேமநிதியில் ஒரு பகுதியை ஒதுக்கி, மனைவியின் நெடுநாள் ஆசைக்காக இத்தாலி போனார்கள். ரோம் சுரங்க ரயிலில் ஏறும்போது முன்னால் ஒரு பெண் தடுமாறி விழப்போக, அந்த அம்மா கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். நான்கு நிலையம் தாண்டி இறங்கியபோது தோள்பை திறந்து கிடந்தது. இரண்டு கடப்பிதழ், 1,400 யூரோ, மூன்று வங்கி அட்டை எல்லாம் போயிருந்தன.

அவர்களைக் காப்பாற்றியவை இரண்டு. மகள் புறப்படும் முன்பே கடப்பிதழ்ப் பக்கங்களைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் வைத்திருந்தாள். விடுதிப் பெட்டிக்குள் இன்னோர் அட்டை இருந்தது. தூதரகத்தில் அவசர ஆவணம் பெற்று ஊர் திரும்பினார்கள். வெனிஸும் ஃபுளோரன்சும் பார்க்காமலே போயிற்று.

அந்த அம்மா பிறகு சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது: “பணம் போனதுகூடப் பரவாயில்ல தம்பி. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டல. அஞ்சு நாளும் பேசாமலே இருந்தார். அதுதான் தாங்கல.”

புறப்படும் முன்

1. பிரித்து வையுங்கள். அவரவர் கடப்பிதழ் அவரவரிடம். பணத்தை மூன்றாகப் பிரித்து, அன்றைய செலவுக்கு மட்டும் கையில் வையுங்கள். ஓர் அட்டை எப்போதும் விடுதிப் பாதுகாப்புப் பெட்டியில் இருக்கட்டும்.

2. உடைக்குள் அணியும் மெல்லிய பை நல்லது. ஆனால் அதைத் தெருவில் திறக்கக்கூடாது. பணம் எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டால் அதற்குப் பயனில்லை. முதுகுப்பையைக் கூட்டத்தில் முன்பக்கம் மாட்டுங்கள். காற்சட்டையின் பின்பையில் எதையும் வைக்காதீர்கள்.

3. மின்னலைத் திருட்டைத் தடுக்கும் பணப்பை என்று விலை உயர்ந்த பைகள் விற்கிறார்கள். தெருவில் நடப்பது கையால் எடுக்கும் திருட்டுதான்; நல்ல பற்பட்டியும் அதன்மேல் ஒரு சிறு கொக்கியும் போதும். ஆனால், ஐரோப்பாவில் பொதுவாக 50 யூரோவரை ரகசிய எண் இல்லாமலே அட்டையைத் தட்டிப் பணம் செலுத்தலாம் என்பதால், அட்டை தொலைந்தால் உடனே முடக்க வேண்டும்.

4. தொலைபேசியில் ‘ஃபைண்ட் மை’ வசதியை இயக்கி வையுங்கள். ஐபோனில் 2024 முதல் ‘திருட்டுச் சாதனப் பாதுகாப்பு’ என்ற ஏற்பாடு வந்துள்ளது. திரைக் கடவு எண் தெரிந்தாலும் திருடனால் உங்கள் கணக்கை எளிதில் மாற்ற முடியாது. ஆண்ட்ராய்டிலும் பறித்து ஓடினால் தானே பூட்டிக்கொள்ளும் வசதி உண்டு. *#06# என அழுத்தினால் வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள்.

5. பலரும் மறப்பது இது: தொலைபேசி போனால் வங்கியின் ஒருமுறை எண்ணும் அதோடு போய்விடும். வங்கிச் செயலி அந்த ஒரு தொலைபேசியோடு கட்டுப்பட்டிருக்கும். ஆகவே கணவன் மனைவி இருவர் தொலைபேசியிலும் தனித்தனி வங்கிக் கணக்கு இயங்கட்டும். வங்கியின் 24 மணி நேர எண்ணைத் தாளில் எழுதி இருவரும் வைத்திருங்கள்.

6. பெரிய நகைகள் வேண்டாம். தாலிக்கொடியைக் கழற்ற மனம் ஒப்பாத அம்மாமார்கள் அதைச் சட்டைக்குள் விட்டு, கழுத்தை மூடிய உடை அணிந்தால் போதும். குளிர்நாட்டில் அது இயல்பாகவே தெரியும்.

7. பயணக் காப்புறுதி எடுக்கும்போது ரொக்கத்திற்கு எவ்வளவு, கைத்தொலைபேசிக்கு எவ்வளவு என்று படித்துப் பாருங்கள். கண்காணிக்காமல் விட்ட பைக்குப் பெரும்பாலும் இழப்பீடு கிடையாது.

போய்விட்டால் முதல் ஒரு மணி நேரம்

துரத்தாதீர்கள். தெரியாத ஊர், தெரியாத சந்து. பொருளுக்காக உடம்பைப் பணயம் வைக்கக்கூடாது. குடும்பத்தோடு வெளிச்சமான இடத்தில், கடையிலோ விடுதியிலோ நின்று மூச்சு விடுங்கள்.

பிறகு வரிசையாக: முதலில் அட்டைகளை முடக்குங்கள். பல வங்கிகளின் செயலியில் கணக்கையே உடனே முடக்கும் பொத்தான் இருக்கிறது. அடுத்து, உடனிருப்பவர் தொலைபேசி வழியாகத் திருடு போனதைப் பூட்டுங்கள். அதன் பிறகு ‘உங்கள் தொலைபேசி கிடைத்துவிட்டது’ என்று வரும் குறுஞ்செய்திச் சுட்டியைத் தொடாதீர்கள். கடவுச்சொல்லைப் பிடுங்கத் திருடர்களே அனுப்புவது அது. மூன்றாவது, காவல் நிலையத்தில் புகார் செய்து நகல் வாங்குங்கள். காப்புறுதிக்கும் புதிய கடப்பிதழுக்கும் அந்தத் தாள்தான் ஆதாரம். பெரும்பாலான காப்புறுதிகள் 24 மணி நேரத்திற்குள் புகார் செய்யச் சொல்கின்றன.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாவற்றிலும் அவசர எண் 112, கட்டணம் இல்லை. பிரிட்டனில் 999, அங்கே 112உம் இயங்கும். தாய்லாந்தில் சுற்றுலாக் காவல்துறை 1155. வியட்நாமில் காவல்துறை 113.

கடப்பிதழ் தொலைந்தால் மலேசியத் தூதரகம். அது எந்த நகரில் இருக்கிறது என்பதை முன்பே பார்த்து வையுங்கள். பார்சிலோனாவில் தொலைத்தவர் தூதரகம் தேடி 600 கிலோமீட்டருக்கும் அப்பால் மட்ரிட் போக வேண்டும். வெள்ளி மாலை தொலைந்தால் திங்கள்வரை காத்திருக்கவும் நேரலாம். தூதரகம் கொடுக்கும் அவசரச் சான்றிதழ் நாடு திரும்புவதற்குத்தான். அடுத்த நாட்டுச் சுற்றுலாவுக்கு அல்ல. விமானப் பயணம் வேறு நாட்டின் வழியாக என்றால் விமான நிறுவனத்திடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பயணத்தையே கைவிட வேண்டியதில்லை. ஆண்டுதோறும் கோடிக்கணக்கானோர் இந்த நகரங்களுக்குப் போய்ச் சுகமாகத் திரும்புகிறார்கள். அங்கே உதவிக்கு வருகிற நல்லவர்களும் நிறைய. உண்மையாகவே கீழே விழுந்தவரைத் தூக்கிவிட மனம் வந்தால் தூக்கிவிடுங்கள். ஒரு கை உதவட்டும், மறு கை பைமேல் இருக்கட்டும்.

பெட்டி கட்டி முடித்த அன்று இரவு, குடும்பமாக உட்கார்ந்து பத்து நிமிடம் பேசுங்கள். யாரிடம் எது இருக்கிறது, தொலைந்தால் யாரை அழைப்பது என்று முடிவு செய்யுங்கள். கூடவே இன்னொன்றும் முடிவு செய்துகொள்ளுங்கள்: எது போனாலும் யாரும் யாரையும் குறை சொல்வதில்லை, பேசாமல் இருப்பதும் இல்லை. திருடியவன் தொழில் தெரிந்தவன். பறிகொடுத்தவர் முட்டாள் அல்ல. பணத்தை மறுபடி சேர்க்கலாம். அம்மாவும் அப்பாவும் சேர்ந்து போகும் அந்தப் பயணம் மறுபடி எப்போது வாய்க்கும் என்று யாருக்குத் தெரியும்?